எம்மா வீட்டு நிலவறை

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை. பெர்லின் மோவாபிட் பகுதியில் ஓர் ஐந்து மாடி வீட்டின் வாசலில் காலை பதினோரு மணிக்கு இருபத்தாறு பேர் தூறலில் வரிசையாக நின்றிருந்தார்கள்.

ஹார்ட்முட்டுக்குத் தெருமுனையிலேயே கால் நின்றுவிட்டது. போர்க்கால பெர்லினைச் சுற்றிக் காட்டும் அவருடைய இலவச நடைக்குப் போன வாரம் மூன்று பேர்தான் வந்திருந்தார்கள்.

"அதுல ஒருத்தர் மழைக்கு ஒதுங்கினவர்" என்றார் கூடவே வந்த சுற்றுலா வழிகாட்டிகள் சங்கத் தலைவி ரோஸ்விதா. "இன்னிக்கும் அதே கதைன்னா அடுத்த வாரத்துலேர்ந்து இந்த நடையை நிறுத்திடுவோம் ஹார்ட்முட். பியர்க் கடைகளைச் சுத்திக் காட்டினா முப்பது பேர் வராங்க."

"உன் கண்ணாலயே பார்த்துக்கோ" என்றார் ஹார்ட்முட். பன்னிரண்டு வருஷமாக அவர் கட்டிக் காத்த நடை அது. மஞ்சள் குடையை உயர்த்திப் பிடித்தார். "பதினோரு மணிக்கு வந்தவங்க எல்லாரும் என் பின்னாடி வாங்க!"

எல்லோரும் வந்தார்கள். உள்ளே நுழையும்போது ஒவ்வொருவரும் மிதியடியில் ஷூவை அழுத்தித் துடைத்தார்கள். கல்யாணத்துக்கே ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போகிற ஊரில் நான்கைந்து பேர் டை வேறு கட்டியிருந்தார்கள்.

"ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கேன். நிரந்தர வேலை" என்று ஒரு பெண் ஹார்ட்முட்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"எனக்குச் சிகரெட் பழக்கம் கிடையாது சார். பியானோவும் வாசிக்க மாட்டேன்" என்றார் அடுத்தவர்.

சரித்திரத்துக்கு முன்னால் மனிதர்கள் இப்படித்தான் பணிந்துபோகிறார்கள் என்று ஹார்ட்முட் நினைத்துக்கொண்டார். ரோஸ்விதாவைப் பெருமையோடு ஒரு பார்வை பார்த்துவிட்டு, எல்லோரையும் நிலவறைக்கு இறக்கினார்.

கீழே ஈர வாடை அடித்தது. ஒற்றை பல்பு; கைக்கெட்டும் உயரத்தில் கூரை. கடைசியில் நின்றவர்கள் படிகளிலேயே நின்று கழுத்தை நீட்டினார்கள்.

"தையற்காரர் லேவின், அவர் மனைவி, எட்டு வயசு மகள்" என்று ஆரம்பித்தார் ஹார்ட்முட். "யூதர்களைப் பிடிச்சு ரயில்ல ஏத்தி அனுப்பின காலம். இந்த மூணு பேரும் இங்கதான் ஒளிஞ்சிருந்தாங்க. ரெண்டு முழுக் குளிர்காலம்."

"சுவர் கனமானதா சார்? மேல சத்தம் கேட்காதா?" என்று டை கட்டிய ஒருவர் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"அருமையான கேள்வி! அந்தச் சத்தத்துக்குத்தான் அவங்க ரொம்பப் பயந்தாங்க. குழந்தை இருமினாகூட அம்மா வாயைப் பொத்துவாங்க."

"தண்ணி?"

"முற்றத்துல ஒரு குழாய். எல்லாரும் தூங்கின பிறகு ஒரு வாளி."

"ஒரு வாளி போதும்" என்று ஒருவர் தன் மனைவியிடம் முணுமுணுத்தார். மனைவி தலையாட்டினார்.

யாரும் செல்பேசியைத் தொடவில்லை. எல்லோருடைய கண்ணும் மூலை மூலையாகப் போய்வந்தது. இத்தனை கூர்மையாகக் கேட்கிற கூட்டத்தை ஹார்ட்முட் இதுவரை பார்த்ததில்லை.

முன்வரிசையில் பச்சைக் கம்பளிக் குல்லாய் போட்ட ஸ்வென்யா என்ற இளம்பெண் விசும்பினாள். "ரெண்டு குளிர்காலம்... யாரும் அவங்களை வெளியே போகச் சொல்லலையா சார்?"

"சொல்லலம்மா. ரகசியப் போலீஸ் ரெண்டு தடவை வந்து கதவை இடிச்சாங்க. வீட்டுக்காரி எம்மா வாயே திறக்கல. தெரிஞ்சிருந்தா அவங்க தலையும் போயிருக்கும்."

"அப்படி ஒரு வீட்டுக்காரி!" ஸ்வென்யா வாய்விட்டு அழுதாள்.

ரோஸ்விதா கைக்குட்டையைத் தேடுவதை ஹார்ட்முட் கவனித்தார். நடை பிழைத்துவிட்டது.

அப்போது படியின் மேலிருந்து ஓர் இளைஞன் சாவிக்கொத்தைக் குலுக்கினான். "மூணாவது மாடி வாடகை வீட்டைப் பார்க்க வந்தவங்க இங்கயா இருக்கீங்க? அரை மணி நேரமா மேல ஒத்தையில நிக்கிறேன்!"

இருபத்தைந்து பேர் அந்தக் குறுகிய படியில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு ஏறினார்கள். நர்ஸ் கீழே விழுந்த மஞ்சள் குடையை மிதித்துக்கொண்டு ஓடினார். "நல்லாப் பேசினீங்க சார்!" என்று யாரோ திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிட்டுப் போனார்கள்.

நிலவறையில் மூன்று பேர் மிஞ்சினார்கள்.

"ஆக, உனக்காக ஒருத்தர்கூட வரல" என்றார் ரோஸ்விதா, கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்தபடி.

"ஏன், இதோ ஒருத்தங்க நிக்கிறாங்களே!" ஹார்ட்முட் கையை நீட்டிக் காட்டினார். ஸ்வென்யா மட்டும் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. சுவரில் உள்ளங்கையைப் பதித்து நின்றிருந்தாள். "வாடகைக்கு வீடே கிடைக்காத ஊர்ல மேல ஒரு வீடு காத்துட்டிருக்கு. போனாங்களா? கதை மனசுல தைச்சிருக்கு ரோஸ்விதா. இந்த ஊர்ல இவங்களை மாதிரி ஒருத்தர் இருக்கிறவரைக்கும் இந்த நடை வேணும்."

ரோஸ்விதா ஸ்வென்யாவையே பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார். "சரி. இவங்க வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும். நடை இருக்கும்."

ஹார்ட்முட் அவள் பக்கம் குனிந்தார். "சொல்லுங்கம்மா. மனசுல இருக்கிறதைச் சொல்லுங்க."

ஸ்வென்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். படியில் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"இது இப்ப காலியாத்தானே சார் இருக்கு?"