படியில் வைக்கும் காசு

துரைசானியின் பெட்டிகளைக் காரில் ஏற்றி முடித்ததும் விருந்தினர் பங்களா வேலைக்காரர்கள் வாசலில் வரிசையாக வந்து நின்றார்கள்.

முதலில் பட்லர் முகம்மது இஸ்மாயில். அடுத்து சமையல்காரர் தங்கமுத்து. பிறகு தண்ணீர் சுமக்கிற திருமலைச்சாமி, தோட்டக்காரர் சுப்புராஜ்.

இருளாயி வரிசையில் இல்லை. வரிசை முடிந்து, கொஞ்சம் இடம் விட்டு, சைப்ரஸ் மரத்தடியில் நின்றாள். கக்கூஸ் வாளி சுமக்கிறவளுக்கு அதுதான் இடம்.

இனாம் மேலிருந்து கீழே வரும். பட்லருக்கு உறையில் போட்டு. மற்றவர்களுக்குக் கையில். இருளாயிக்கு மட்டும் வாசலின் கடைசிப் படியில் காசை வைத்துவிட்டுக் காரில் ஏறிவிடுவார்கள். கார் போன பிறகு அவள் வந்து குனிந்து எடுத்துக்கொள்வாள். நயா பைசா வந்து ஒரு வருஷம் ஆகியும் அது மட்டும் மாறவில்லை.

எந்தத் தேசத்துக்காரர்களும் இதைத் தாமாகக் கண்டுபிடித்துச் செய்யவில்லை. புறப்படுவதற்கு முந்தின நாள் பட்லரை அறைக்குக் கூப்பிட்டு, இந்த ஊரில் யாருக்கு எப்படிக் கொடுப்பது வழக்கம் என்று கேட்டுக்கொள்வார்கள். அவர் சொல்லிக்கொடுப்பார்.

இருளாயிக்கு நிறைமாதம்.

போன வாரம் வேறு அறையில் தங்கியிருந்த ஒரு துரை வைத்துவிட்டுப் போன காசை எடுக்கக் குனிந்தபோது கண் இருட்டியது. சரளைக்கல்லில் முட்டி இடிக்க விழுந்தாள். விரல் நுனி பட்ட காசு உருண்டுபோய் மழைத்தண்ணீர்க் கால்வாய்க்குள் விழுந்தது.

“என்னடி, காசப் பாத்ததும் கும்புடு போட்டுட்ட?” என்று தங்கமுத்து சிரித்தார்.

யாரும் தூக்கிவிடவில்லை. தூக்கினால் தொட வேண்டும். பட்லர் வராந்தாவில் தட்டோடு நின்றிருந்தார். பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

இன்றைக்குக் குனிவதில்லை என்று விடியும்போதே அவள் முடிவு செய்திருந்தாள். காசு படியிலேயே கிடக்கட்டும்.

மருத்துவச்சிக்குக் கொடுக்க வீட்டில் ஒன்றுமில்லை. மழை பொய்த்ததால் புருஷன் பொன்னுவேலை உருளைக்கிழங்குக் காட்டில் யாரும் கூப்பிடவில்லை. எல்லாம் தெரிந்துதான் முடிவு செய்தாள். விழுந்து, பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் மருத்துவச்சி எதற்கு?

துரைசானி படியிறங்கி வந்தாள். கையில் உறைகள்.

பட்லர் முன்னால் அவள் நிற்கவில்லை. தங்கமுத்து நீட்டிய கையையும் தாண்டிப் போனாள். வரிசை முடிந்தது. அவள் நடை முடியவில்லை. நேரே சைப்ரஸ் மரத்தடிக்கு வந்தாள்.

இருளாயி பின்னால் நகர்ந்தாள். முதுகில் மரம் இடித்தது.

துரைசானிக்குத் தமிழில் தெரிந்தது இரண்டே வார்த்தை. வெந்நீர், போதும். பதினைந்து நாளும் அந்த இரண்டை வைத்தே ஓட்டியவள். இப்போது உதட்டை ஒருமுறை நனைத்துக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிறவள் மாதிரி, மெதுவாகச் சொன்னாள்.

“குனியாடிங்க... டாயி.”

அந்தப் பங்களாவில் யாரும் இருளாயியிடம் ‘ங்க’ போட்டுப் பேசியதில்லை.

துரைசானி கையுறையைக் கழற்றினாள். இருளாயியின் கையை எடுத்தாள். பினாயில் வாடை அடிக்கும் கை. அதில் உறையை வைத்து விரல்களை மடக்கிவிட்டாள்.

அப்புறம் அங்கிருந்து திரும்பி, சுப்புராஜ், திருமலைச்சாமி, தங்கமுத்து என்று வரிசையில் கீழிருந்து மேலாகக் கொடுத்துக்கொண்டு வந்தாள். கடைசியில் பட்லர். அவர் குனிந்து சலாம் வைத்து வாங்கிக்கொண்டார்.

கார் வளைவில் மறைகிறவரை தங்கமுத்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

“என்ன பாய், நேத்து ரூமுக்குக் கூப்புட்டு வழக்கம் கேட்டாங்கல்ல? நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கீரு! அவளத் தொட்ட கையாலயே எனக்குக் குடுக்குது.”

“நான் ஒழுங்காத்தான் சொன்னேன். வெள்ளக்காரிக்குத் தல எது, வாலு எதுன்னு வெளங்கல.”

“ஒமக்குமில்ல கடைசியாக் கெடச்சுது!”

“கெடச்சுதுல்ல? போய்ச் சோலியப் பாரும்.”

தங்கமுத்து உறையை ஓரமாகக் கிழித்து, ரூபாய் நோட்டை மட்டும் இரண்டு விரலால் உருவி எடுத்து மடியில் செருகிக்கொண்டார். ரூபாயில் தீட்டு இல்லை போலிருக்கிறது.

இருளாயி பங்களாவின் பின்பக்கம் வந்தாள். உறையை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வாளியைக் கழுவ உட்கார்ந்தாள்.

அடுப்படிக் கதவு திறந்தது. பட்லர் மேஜைத்துணியை உதற வந்தார். துணியைப் பிரித்து, ஒருமுறை உதறினார். ரொட்டித் துணுக்குகள் பறந்தன. மேலே மின்சாரக் கம்பியில் இருந்த காக்கை இறங்கி வந்தது.

அவர் இருளாயியைப் பார்க்கவில்லை. காக்கையிடம் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

“நாளைக்கு ஒரு ஜெர்மன்காரரும் அவரு சம்சாரமும் வாராங்க, தாயி. அவங்க கெளம்புறதுக்குள்ள ஒனக்குப் பொறந்துட்டா, பொன்னுவேல வந்து நிக்கச் சொல்லு.”

துணியை நான்காக மடித்தார். கதவுக்குள் ஒரு கால் வைத்துவிட்டு நின்றார்.

“அவங்களுக்கும் நம்ம ஊரு வழக்கம் தெரியாதாம்.”