வெறும் தண்ணீர்

அவர் பூவாளியைச் சரித்தார்.

தொட்டி நிறைந்தது. அடியிலிருந்து தண்ணீர் தேநீர் நிறத்தில் வடிந்தது.

இன்னும் ஊற்றினார்.

நான்கு தொட்டி. நான்கு கஞ்சாச் செடி. வீட்டுக்கு நான்கு வரை கனடாவில் சட்டம் விடுகிறது.

வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக்கூடத் தொடாத மனிதர். கோயில் அன்னதானத்துக்குப் பொறுப்பாக நின்றவர். இப்போது பேஸ்மென்டில், ஊதா வெளிச்சத்துக்குக் கீழே, முழங்காலில். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அவர் சொல்லவில்லை.

இலைகளின் நுனியெல்லாம் கருகியிருந்தது. கரும்பச்சையாகத் தடித்து, கீழே வளைந்திருந்தது. பசியால் வந்த வருத்தமில்லை. உரம் மிஞ்சிப் போனது.

போத்தலில் ஒரு மூடி என்றுதான் போட்டிருந்தது. அவர் இரண்டு ஊற்றினார். போதும் என்று கும்பிட்டவர் இலையிலும் இன்னொரு அகப்பை வைத்துப் பழகிய கை. அது வேறென்ன செய்யும்?

சீக்கிரம் பூக்கட்டும் என்ற அவசரம் வேறு.

பூதான் மருந்து. மருமகன் ஒருமுறை கொண்டுவந்த ஒரு பிடியை நெய்யில் காய்ச்சி, ஒரு துளி கொடுத்தார். படுக்கையில் கிடந்த மனைவி பவளராணிக்கு வாந்தி நின்றது. இரண்டு இடியாப்பம் சாப்பிட்டாள். சொதிக்கு உப்புக் கூடிவிட்டது என்று குறை வேறு சொன்னாள்.

கல்யாணமான நாளிலிருந்து கேட்டுச் சலித்த குறை. அன்று அவர் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று அழுதார். அவ்வளவு சந்தோஷம்.

கடைச் சரக்கை அவர் நம்பவில்லை. என்ன பூச்சிமருந்து அடித்தார்களோ. தன் செடியில் ஒரு சொட்டும் அடிப்பதில்லை என்று முடிவு கட்டினார்.

அதனால் பூச்சியை வாசலிலேயே மறிக்க வேண்டியிருந்தது. குளித்துவிட்டுத்தான் இந்த அறைக்குள் வருவார். இதற்கென்று உடுக்கத் தனிச் சாரம், தனிச் செருப்பு. செடிகளுக்கு நடுவில் மஞ்சள் ஒட்டு அட்டை. ஒவ்வொரு இலையையும் திருப்பி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். பவளராணியைப் பார்க்க வந்தவர்களை இந்தக் கதவில் கைவைக்கக்கூட விட்டதில்லை.

ஒரு செடிப்பேன்கூட வரவில்லை.

வருவதற்கு வீட்டில் ஒரே ஒரு வழிதான் இருந்தது.

கறிவேப்பிலை.

வீடு வாங்கிய வருஷம் பவளராணி வைத்தது. கோடையில் பின்பக்கத்து டெக்கில் நிற்கும். குளிர் தொடங்குமுன் உள்ளே வந்துவிடும். போன குளிருக்கு அதன் இலைகளின் அடியில் சிவப்புப் பேன் வலை பின்னியிருந்தது. அவள் ஒவ்வொரு இலையாகச் சவர்க்காரத் தண்ணீரில் துடைத்தாள். பிள்ளைக்கு முகம் கழுவுகிற மாதிரி.

இந்த முறை அவர் அதை உள்ளே எடுக்கவில்லை.

அவளா, கறிவேப்பிலையா? அதெல்லாம் ஒரு கேள்வியா என்று விட்டுவிட்டார்.

இப்போது தண்ணீர் தெளிந்து வடிந்தது. மிஞ்சிய உரம் கழுவுப்பட்டுப் போயிற்று. இனிக் கொஞ்ச நாளைக்கு உரமே கூடாது. வெறும் தண்ணீர்தான். கருகிய நுனி கருகியதுதான். ஆனால் உச்சியில் ஒரு குருத்து விட்டிருந்தது. பழுதில்லாத பச்சை.

செடி பிழைத்துவிடும்.

பூக்க இன்னும் இரண்டு மாதம்.

காலையில் தாதி வந்திருந்தாள். கட்டிலருகே கஞ்சி ஆறி, ஆடை படிந்து, வைத்தபடியே இருந்தது. அவரை வெளியே கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னாள். இனி வற்புறுத்தி ஊட்ட வேண்டாம். உடம்பு ஏற்காது. உதட்டை நனைக்க வெறும் தண்ணீர் போதும்.

இரண்டு மாதம், என்று அவர் தொடங்கினார்.

அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தக் கிழமை ஏழு நாளும் தாண்டுமா என்பதே சந்தேகம் என்றாள்.

அதைக் கேட்டுவிட்டுத்தான் கீழே வந்து பூவாளியைத் தூக்கியிருந்தார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

மேலே போனார். கரண்டியால் பவளராணியின் உதட்டை நனைத்தார். கை தன்பாட்டில் இன்னொரு கரண்டி அள்ளியது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திரும்பிய பக்கம் யன்னல். பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்கோ... கறிவேப்பிலையை உள்ளுக்கு எடுத்து வைச்சிட்டீங்களோ?"

"ஓம்" என்றார்.

அவள் நிம்மதியாகக் கண்ணை மூடினாள்.

அந்த நிம்மதியைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

பின்கதவைத் திறந்தார். தொட்டி பாதிக்குமேல் பனியில் புதைந்திருந்தது. இலைகள் கறுத்துச் சுருண்டு, உதிராமல் தொங்கின. இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினார். படிப்படியாகக் கீழே இறக்கினார்.

குளிக்கவில்லை. சாரம் மாற்றவில்லை. பேன் வந்தால் வரட்டும்.

நான்கு செடிகளையும் ஒதுக்கிவிட்டு, வெளிச்சத்துக்கு நேர் கீழே, நடுவில் வைத்தார். பூவாளியில் மிச்சமிருந்த தண்ணீரை ஊற்றினார். அளவாக.

உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. தண்டை நகத்தால் சுரண்டினார். பழுப்பு.

இன்னும் கீழே. பழுப்பு.

இன்னும் கீழே.

மண்ணை ஒட்டி ஒரு விரற்கடைத் தண்டு மிச்சம் இருந்தது.

அதை அவர் சுரண்டிப் பார்க்கவில்லை.