வரப்பைத் தாண்டிய குளவிகள்

தக்காளி இலைகளுக்குள் வெள்ளைக் கோடுகளாகக் குடைந்துகொண்டிருந்த புழுக்களைத் தீர்த்துக்கட்ட, ராசாமணி ஒரு புட்டி குளவி வாங்கி வந்தாள். கடுகளவுகூட இல்லாத குளவிகள். புழுவின் மேலேயே முட்டையிட்டு, குஞ்சுகளுக்கு அதையே சோறாக்குபவை. மூடியைத் திறந்ததும் மொத்தமும் எழுந்து, வரப்பைத் தாண்டி, ஓரகத்தி சிட்டம்மாளின் தோட்டத்துக்குள் போய்விட்டன. அங்கேதான் புழு அதிகம்.

ராசாமணிக்கு வயிறு எரிந்தது. கிணற்றுத் தண்ணீர்ச் சண்டைக்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ‘தின்னுபோட்டு வரட்டும், நன்றி கெட்ட கழுதைக’ என்று உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் சிட்டம்மாள் முதுகில் மருந்து டேங்கோடு வந்தாள். ஒரு முறை பீய்ச்சினால் போதும், குளவி அத்தனையும் போச்சு.

ராசாமணி வரப்பில் ஏறி நின்று கத்தினாள். “அக்கா, மருந்தடிச்சுப் போடாதீங்க! எங்க ஆளுக உள்ள இருக்கறாங்க!”

சிட்டம்மாள் திடுக்கிட்டுச் செடிகளுக்கு நடுவே தேடினாள். ஒருவரும் இல்லை. ஓர் இலையைப் புரட்டினாள். கருப்பாக ஒன்று அவள் விரல்மேல் ஏறி மீசையை ஆட்டியது. வெகுநேரம் அதையே பார்த்தாள். பிறகு டேங்கை இறக்கிவைத்துவிட்டு, ராசாமணி பக்கம் முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்.

“சாப்பிட்டாங்களா?”