முதல் கையெழுத்து

"டீ எல்லாம் வேண்டாம். வந்த வேலையை மட்டும் பாருங்க கடைக்காரரே."

நாராயணம்மா லேப்டாப்பை மேஜைமேல் வைத்தாள்.

ஊர்க்காரி, சின்ன வயதிலிருந்து பார்த்தவள், 'கடைக்காரரே' என்றதும் மணிவேலுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், சூளகிரிப் பக்கம் இருக்கும் அவர்கள் ஊரில் ஒரு கம்பெனிக்காக நிலம் கேட்டு ஒரு புரோக்கர் வந்தான். முதலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் மணிவேல். மறு மாதமே ஓசூருக்கு வந்து இந்தக் கம்ப்யூட்டர் கடையைத் திறந்தான்.

மற்றவர்கள் ஒரு பிடி மண்கூடத் தரமாட்டோம் என்று சங்கம் வைத்துப் போராடுகிறார்கள். நாராயணம்மாதான் செயலாளர். அவன் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து ஊரில் ஒருவரும் மணிவேலோடு பேசுவதில்லை.

ஊரே சம்மதித்துவிட்டது என்கிறது கம்பெனி. இல்லை என்று சொல்ல, நாளைக் காலை கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸில் விசாரணை. ஆதாரம் எல்லாம் இந்த லேப்டாப்பில். ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து அது படுத்துவிட்டது. வேறு கடை எதுவும் திறந்திருக்கவில்லை.

மணிவேல் ஆன் செய்து, குனிந்து காதை வைத்துக் கேட்டான். உள்ளே டக் டக் என்று ஒரு சத்தம்.

"ஹார்ட் டிஸ்க் போயிட்டிருக்கு. இன்னும் முழுசாப் போகலை. உள்ள இருக்கறதைப் புதுசுக்கு மாத்திடலாம். எஸ்எஸ்டி போட்டுத் தரேன்."

"அதெல்லாம் வேண்டாம். பழைய மாதிரி சுத்தற டிஸ்க்கே போடுங்க. அதுன்னா கெட்டுப் போனாலும் தோண்டி எடுக்கலாமாம்."

"இதை மொபெட்டுல வெச்சு மண்ணு ரோட்டுல தூக்கிட்டு அலையறீங்க. அந்தக் குலுக்கல்லதான் இது போயிருக்கு. எஸ்எஸ்டியில சுத்தற சாமானே கிடையாது."

"அது கெட்டா?"

"முன்கூட்டிச் சொல்லாமக் கெடும். அதனால எல்லாத்தையும் இன்னொரு காப்பி எடுத்துத் தனியா வெச்சுக்கணும்."

"யாருகிட்ட? உங்ககிட்டயா? அப்படியே கம்பெனிக்காரன் கையில குடுத்துடலாமே!"

மணிவேல் நிமிர்ந்து பார்த்தான்.

"யோக்கியம் பேசாதீங்கக்கா."

"என்ன சொன்னே?"

"ஒண்ணுமில்ல. எஸ்எஸ்டியா, பழசா? சீக்கிரம் சொல்லுங்க. இது நின்னு போச்சுன்னா என்னாலயும் எடுக்க முடியாது."

"எஸ்எஸ்டியே போடு. ஆனா எல்லாம் என் கண்ணு முன்னாடி நடக்கணும்."

அவன் மானிட்டரை அவள் பக்கம் திருப்பி வைத்தான். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

சர்வே படங்கள், பட்டா நகல்கள், மனுக்கள் ஒவ்வொன்றாகப் புது டிஸ்க்குக்கு ஏறின. நடுவில் இரண்டு தடவை பழைய டிஸ்க் நின்றுபோனது. இரண்டு தடவையும் கழற்றி, ஆறவிட்டு, மறுபடி ஓட்டினான். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட அவன் எழுந்திருக்கவில்லை. அவளும் எழுந்திருக்கவில்லை. நாலு மணி நேரம் ஆனது.

கடைசி ஃபைலும் ஏறி முடிந்தது. நாராயணம்மா ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். எல்லாம் இருந்தன.

"பழைய டிஸ்க்கை என்கிட்டயே குடுத்துடு."

கொடுத்தான். டெலிவரி நோட்டை அவள் பக்கம் தள்ளினான்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

போட்டாள். நோட்டைத் திருப்பிப் பார்த்த மணிவேல் அப்படியே நின்றுவிட்டான்.

"இது தெலுங்கு இல்லியா?"

"ஆமா. தெலுங்குப் பள்ளிக்கூடத்துல படிச்சவ தெலுங்குலதான் போடுவா. அதுல உனக்கு என்ன கஷ்டம்?"

"எப்பவுமே இப்படித்தானா? தமிழ்ல போட்டதே இல்லியா?"

"பேங்க்குல, ரேஷன் கடைல, எங்க வேணாலும் போய்க் கேளு. விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து இதான் என் கையெழுத்து."

அவன் செல்போனை எடுத்து எதையோ தேடினான். ஒரு படத்தைப் பெரிதாக்கி அவள் முன்னால் வைத்தான்.

ஒரு பத்திரத் தாளின் படம். நிலத்தைக் கம்பெனிக்குத் தரச் சம்மதம் என்று மேலே எழுதி, கீழே வரிசையாகக் கையெழுத்துகள். கோவிந்தப்பன். ஜோதியம்மாள். மாரிசாமி. ஊரில் ஒரு வீடு பாக்கி இல்லை. ஆறாவதாக, கொட்டை கொட்டையான தமிழில், நாராயணம்மா.

"ஐயோ, நான் எங்கடா போட்டேன் இதை?"

"புரோக்கர் இதைக் காட்டித்தான்க்கா என்கிட்ட வாங்கினான். ஊரே போட்டாச்சு, நீ ஒருத்தன்தான் பாக்கின்னான். அப்பாகிட்டக் காட்டறதுக்காகப் படம் எடுத்தேன். எல்லாரும் போட்டுட்டீங்க, அப்புறம் மாறிக்கிட்டீங்க, துரோகின்னு பேர் மட்டும் எனக்கான்னு ரெண்டு வருஷமா உங்க அத்தனை பேரையும் மனசுக்குள்ள திட்டிட்டிருந்தேன்."

நாராயணம்மா செல்போனைக் கையில் வாங்கி, ஒவ்வொரு கையெழுத்தாகப் பார்த்தாள். ஊர் சம்மதம் என்று கம்பெனி சொல்வது எந்த லட்சணத்தில் வாங்கியது என்பதற்கு, இதைவிடப் பெரிய ஆதாரம் அந்த லேப்டாப்பில் இல்லை.

"இதை அழிக்கலியே நீ?"

"அழிக்கலை. நாளைக்கு நானும் வரேன். நிஜமாப் போட்ட முதல் கையெழுத்து என்னுதுதான், அதை எப்படி வாங்கினாங்கன்னு அந்த புரோக்கர் மூஞ்சிக்கு நேராவே சொல்றேன். நீங்க வேண்டாம்னாலும் வருவேன்."

அவள் லேப்டாப்பைப் பையில் வைத்து, வாசல் வரை போய்த் திரும்பினாள்.

"மணிவேலு, ஏழு மணி பஸ்ஸுல ஏறிடு. ஊர்ல எல்லாரும் அதுலதான் சூளகிரில ஏறுவோம். உன் பக்கத்துல எனக்கு ஒரு சீட்டு போட்டு வை."