இடது பொட்டில் ஓர் ஓசை

"பேசாதீங்க வென்டெல். தாடை அசைஞ்சா ரத்தக்குழாய் எனக்கு நழுவிடுது," என்கிறாள் ஜோலீன்.

"நாலு நாளா ஊமையா கிடந்த மனுஷன். இன்னிக்குக் காலையிலதான் 'காபி'ன்னு ஒரு வார்த்தை சொன்னார். அதுக்குள்ள வாயை மூடச் சொல்றீங்களே," என்று சிரிக்கிறாள் அவர் மனைவி மார்லிஸ்.

உறைந்த ஏரியிலிருந்து எழும் வெளிச்சம் டுலூத் நகர மருத்துவமனையின் ஜன்னல் வழியே வந்து வென்டெலின் மழிக்காத கன்னத்தில் படிந்திருக்கிறது. திங்கட்கிழமை அவர் மூளையின் இடப்பக்கக் குழாயை அடைத்த ரத்தக்கட்டியைத் தொடை வழியே மெல்லிய குழாய் செலுத்தி எடுத்தார்கள். வழி இன்னும் திறந்திருக்கிறதா என்று ஒலிக்கருவியால் கேட்டுப் பார்க்கத்தான் பரிசோதகர் ஜோலீன் வந்திருக்கிறாள். வலது நெற்றிப்பொட்டில் பேனா போன்ற கருவியை வைத்தபோது, அதோடு இணைந்த பெட்டியிலிருந்து ரத்தம் ஓடும் ஓசை தெளிவாகவே வந்தது. இப்போது இடது பொட்டில் குளிர்ந்த பசையைத் தடவிக் கருவியை வைக்கிறாள். வெறும் இரைச்சல். மடியிலிருக்கும் அவருடைய கம்பளித் தொப்பியின் மேல் மார்லிஸின் விரல்கள் நின்றுவிடுகின்றன. ஜோலீன் கருவியை மயிரிழை சாய்க்கிறாள். அந்த ஓசை வருகிறது. யாரோ மரப்படிகளில் புதுப்பனியைத் துடைப்பத்தால் தள்ளுவதுபோல, ஷ்ஷ், ஷ்ஷ்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஓடுது," என்கிறாள் ஜோலீன்.

வென்டெல் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டு, கண்களால் மட்டும் மனைவியைத் தேடுகிறார். ஜோலீன் பசையைத் துடைக்கக் காகிதத்தை உருவுகிறாள்.

"ஜோலீன், அந்தக் கருவியை இன்னும் ஒரு நிமிஷம் அங்கேயே வச்சிருக்கீங்களா?" என்று கேட்கிறாள் மார்லிஸ், ஓசை வரும் பெட்டியின் பக்கம் காதைச் சாய்த்தபடி.