மாலையோடு வந்த எம்.எல்.ஏ.

போன மாதம் கட்சி மாறிய எம்.எல்.ஏ. குமரகுரு, இளம்பிள்ளையில் அந்தச் சாவு வீட்டுத் தெருமுனையில் காரை விட்டு இறங்கினார்.

"பழைய கட்சிக்காரங்க நெறையா நிக்கறாங்கண்ணா. வம்பு பண்ணுவாங்க. திரும்பிரலாங்களா?" என்றான் உதவியாளன் சகாயராஜ்.

"மொத எலெக்‌ஷன்ல எனக்காக ஊடு ஊடா ஏறி எறங்குன மனுசன்டா. பார்க்காம எப்படிப் போறது?"

பந்தலில் இருந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. வழி மட்டும் விட்டார்கள். பெரியவர் மணியனின் உடல்மேல் பழைய கட்சியின் கொடி போர்த்தியிருந்தது. குமரகுரு மாலையைப் போட்டுவிட்டுக் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

தலைமாட்டில் இருந்த பெரியவரின் மகள் வித்யா அந்த மாலையை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"உங்க மாலை தன்மேல விழக்கூடாதுன்னு சொல்லிப்போட்டாருங்கண்ணா."

"அவ்வளவு கோவமா, சாமி?"

சற்று நேரத்தில் உறவுக்காரர் ஒருவர் கொள்ளிச்சட்டியைக் கொண்டுவந்தார். குமரகுரு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினார். வித்யா குறுக்கே வந்து அதை வாங்கிக்கொண்டாள்.

"கொள்ளியும் நான்தானுங்கண்ணா வெக்கோணும். நீங்க கட்சி மாறுன அன்னிக்கே, 'எனக்கு மவன் இல்ல, மவ மட்டுந்தான்'னு அப்பா சொல்லிப்போட்டாரு."

குமரகுரு நீட்டிய கைகளை இறக்கிக்கொண்டார். கொடி பிடித்தவர்கள் எல்லாரும் முன்னால் போக, பெற்ற தகப்பனின் பாடைக்குப் பின்னால் கடைசி ஆளாக நடந்தார்.