முப்பதுக்குப் பதினெட்டு

பதினெட்டு மார்க்குக்குக் கேக் வாங்கி வந்த ஒரே ஆள், இத்தாலியின் இந்தப் பாதுவா நகரத்திலேயே மிரேய்தான்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் முப்பதுக்குத்தான் மார்க். பதினெட்டில் ஒன்று குறைந்தாலும் ஃபெயில். தேர்வு வாய்மொழிதான். கேள்வி கேட்டு முடித்ததும் பேராசிரியர் மார்க்கைச் சொல்லி, சம்மதமா என்பார். பதினெட்டு என்றால், ரோஷமுள்ள நாங்களெல்லாம் வேண்டாமென்று எழுந்து வந்து அடுத்த மாதம் மறுபடி போய் உட்காருவோம். மிரேய் மட்டும் தலையாட்டிவிட்டு வருவாள். இரண்டு வருஷத்தில் ஏழு தடவை.

அதோடு விட்டாளா? வெளியே வந்ததும் கேமரூனில் இருக்கும் அப்பாவுக்கு வீடியோ போன்.

"அப்பா, பதினெட்டு."

அவர்கள் ஊரில் இருபதுக்குத்தான் மார்க் போடுவார்கள். இருபதுக்குப் பதினெட்டென்றால் சும்மாவா? பஃபூசாம் சந்தையில் தையல் மெஷின் போட்டிருக்கிற மனுஷன், போனைத் தூக்கிக்கொண்டு கடை கடையாகப் போய்ப் பெருமையடிப்பார். அங்கே ஒரே கைதட்டல். இவள் இங்கே சிரித்துக்கொண்டு நிற்பாள்.

ஒரே வீட்டில் குடியிருக்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெத்த அப்பனை இப்படியா ஏமாற்றுவது? ஒருநாள் கேட்டும் விட்டேன்.

"நீ இந்த ஊர்க்காரி லொரெதானா, உனக்குப் புரியாது," என்றாள். "நான் இங்க திணர்றேன்னு தெரிஞ்சா, போதும் வந்துடுன்னு கூப்பிட்டுக்குவார். பாதியில திரும்பிப் போனா எந்த முகத்தை வெச்சுக்கிட்டு அங்க நடமாடறது?"

காலையில் முதியோர் இல்லத்தில் வேலை, மத்தியானம் வகுப்பு, படிக்க ஏது நேரம் என்றும் சொன்னாள். எல்லாரும் சொல்கிற சாக்குதானே என்று நான் காதில் வாங்கவில்லை.

போன வாரம்தான் வேடிக்கை. முதல்முறையாக இருபத்துநாலு வாங்கிவிட்டாள். இருபதுக்கு இருபத்துநாலு என்று எப்படிச் சொல்வது? அப்பாவிடம் பத்தொன்பது என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். எனக்குப் பாவமாகவே இல்லை. பொய் சொன்னவளுக்கு நல்லா வேணும் என்றுதான் தோன்றியது.

மறுநாள் போனை மேஜையில் மறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். போன் அடித்தது. திரையில் அவள் அப்பா.

யாராவது ஒருத்தர் உண்மையைச் சொல்லித்தானே ஆகவேண்டும்? எடுத்தேன். அவர் பேசுவது பிரெஞ்சு; பள்ளிக்கூடத்தில் நான் படித்தது கைகொடுத்தது. இங்கே மார்க் முப்பதுக்கு, பதினெட்டு என்பது தட்டுத்தடுமாறிப் பாஸாகிற மார்க், உங்கள் பெண் இத்தனை நாளாக உங்களை ஏமாற்றுகிறாள் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

அவர் மெஷினை நிறுத்திவிட்டு, கடைக்குள் தள்ளிப் போய் நின்றார்.

"தெரியும்மா. முதல் தடவையே இங்க ஒரு வாத்தியார் சொல்லிட்டார். எங்க சந்தைக்கே தெரியும், தெரிஞ்சுதான் கை தட்டறாங்க. அப்பாவுக்குத் தெரியாதுங்கற தைரியத்துலதான் என் பொண்ணு அங்க நிக்கறா. அவகிட்ட சொல்லிடாதேம்மா."

சரிங்க ஐயா என்று முனகிவிட்டுப் போனை வைக்கப் பார்த்தேன்.

"ஒரு நிமிஷம்மா. மார்க் கிடக்கட்டும். நீ அவகூடவே இருக்கறவதானே? மூஞ்சியெல்லாம் வத்திக்கிடக்கு, கேட்டா சாப்பிட்டேங்கறா. நிஜமாவே சாப்பிடறாளா?"

இரண்டு வருஷமாக எங்களுக்கு ஒரே சமையலறை. அவளுடைய ஒவ்வொரு மார்க்கும் எனக்கு மனப்பாடம். இந்தக் கேள்விக்குத்தான் பதில் தெரியவில்லை.